ஃபிரிட்ஜுக்கு வைத்த பொட்டு

ஒரு வீட்டுக்கு ஆயுளுக்கும் ஒரே ஃபிரிட்ஜ்தான் என்பது சட்டம். அதனால் கோமதி ஆயுத பூஜையன்று அதன் முதுகுத் தூசியைத் தட்டி, கதவு ரப்பரைத் துடைத்து, சந்தனப் பொட்டும் வைத்தாள். பொட்டு கதவிலிருந்த அதன் கேமராக் கண்ணை மறைத்துவிட்டது.

“என்னைச் சேதப்படுத்துகிறார்கள்,” என்று ஃபிரிட்ஜ் கதவைப் பூட்டிக்கொண்டது. பொட்டைத் துடைத்தும் திறக்கவில்லை. “மெக்கானிக் வந்து சோதிக்க வேண்டும். இன்று அவருக்கும் பூஜை. நாளை வருவார்,” என்றது.

உள்ளே மகள் சஹானாவின் இன்சுலின் மொத்தமும் இருந்தது. காலை ஊசியே இன்னும் போடவில்லை. மருந்துக் கடைகளும் பூஜைக்காக மூடியிருந்தன.

கணவன் தனபால் பூஜையில் வைத்திருந்த சுத்தியலை எடுத்தான். கோமதி அவன் கையைப் பிடித்தாள்.

“உடைச்சிட்டா நாளையிலேர்ந்து மருந்தை எதுலங்க வைப்போம்?”

“இன்னிக்குப் போடலன்னா?”

கோமதி பிடித்த கையை விடவில்லை.

சஹானா மூன்றாவது சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு வந்து நின்றாள்.

“இன்னும் தாகமா இருக்கும்மா.”