முப்பத்தோராவது பெயர்

நீதிமன்றில் இருபத்தெட்டாவது பெயரைக் கூப்பிட்டபோது கொன்ஸ்ரன்ஸ் கைலேஞ்சித் துணியை மறுபடியும் விரித்து, மறுபடியும் மடித்தாள்.

"மக்கீன்."

மாளிகாவத்தையிலிருந்து வந்திருந்த தொப்பிக்காரர் கையை உயர்த்தினார். மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் ஒரு கோடு போட்டார்.

ஆள் ஆளாய்க் கூப்பிடுவது நீதிபதியின் கட்டளை.

துறைமுகத்தைப் பார்த்தபடி மேட்டில் நிற்கும் பழைய அரசாங்கப் பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரியை இடித்து, அந்த வளவு முழுவதையும் கொள்கலன் அடுக்கும் இடமாக்கப் போகிறார்கள். கொட்டாஞ்சேனைச் சனம் வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கியிருந்தது. மனுவில் இருப்பவை கள்ளப் பெயர்கள், அப்படி ஆட்களே இல்லை என்று சென்ற தவணையில் அரச தரப்புச் சட்டத்தரணி சொன்னார். புதிதாகக் கையெழுத்து வாங்குங்கள், எல்லோரும் நேரில் வரட்டும் என்றார் நீதிபதி. ஒரு கையெழுத்துப் பொய்யென்றாலும் மனு தள்ளுபடி.

கையெழுத்து வாங்க வீடு வீடாகப் படி ஏறியவள் கொன்ஸ்ரன்ஸ்தான். முப்பத்திரண்டு வருடம் அந்தப் பிரசவ வார்டில் அற்றெண்டனாக இருந்தவள். கொட்டாஞ்சேனையில் பாதிப் பேரை முதன்முதலில் குளிப்பாட்டியது அவள் கை.

அது, பெயரும் விலாசமும் எழுதிய எந்தக் கடதாசிக்கும் சனம் பயந்த காலம். மத்திய வங்கியில் குண்டு வெடித்த பிறகு தமிழர் வீடுகளில் கதவு தட்டினால் முதலில் வெளிச்சம்தான் அணையும். அப்படியும் நாற்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

இருபத்தொன்பது வந்திருந்தார். முப்பதும் வந்திருந்தாள்.

கொன்ஸ்ரன்ஸின் கால் தானாக ஆடியது. பக்கத்திலிருந்த சிநேகிதி றோஸி அவள் முழங்காலில் கைவைத்து அழுத்தினாள். நிறுத்த முடியவில்லை.

"ஸ்ரீஸ்கந்தராசா."

ஒருவரும் கை உயர்த்தவில்லை.

மொழிபெயர்ப்பாளர் இன்னும் உரத்துக் கூப்பிட்டார். வராந்தாவில் நின்ற பொலிஸ்காரர் வெளியே பார்த்து மூன்றாம் தரம் கூப்பிட்டார். பெயர் படிக்கட்டு வரை போனது.

அரச தரப்புச் சட்டத்தரணி எழுந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

அவர் வாய் திறக்குமுன் பின்வரிசை வாங்கில் ஒரு பெண் எழும்பிவிட்டாள். கனகேஸ்வரி. கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருப்பவள்.

"ஐயா, அவர் என்ர மனுசன். போன கிழமைக்கு முதல் கிழமை, செவ்வாய்க்கிழமை, சுற்றிவளைப்பில கொண்டுபோனவங்கள். மூண்டு பொலிஸுக்குப் போனனான். அப்பிடி ஒருத்தரை எடுக்கவே இல்லையாம்."

மொழிபெயர்ப்பாளர் சற்றுத் தயங்கி, சிங்களத்தில் சொன்னார். தட்டச்சுப் பெண்ணின் விரல்கள் ஓடின. ஒவ்வொரு சொல்லும் கடதாசியில் விழும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

இது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது, பதிவிலிருந்து நீக்கவேண்டும் என்றார் சட்டத்தரணி. பிறகு இன்னொன்றும் சொன்னார். அப்படி ஓர் ஆளே இல்லை. கையெழுத்தும் பொய்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். கையெழுத்து வாங்கியவர் யார் என்று கேட்டார்.

கொன்ஸ்ரன்ஸ் சாட்சிக் கூண்டுக்கு நடந்தாள். சேலை முந்தானை வாங்கின் ஆணியில் மாட்டியது. இழுத்து எடுத்தாள். வேதாகமத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

ஆஸ்பத்திரி வளவுக்குள் போன கிழமையே இரண்டு புல்டோசர்களைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். தடை போனால் பின்னேரமே தொடங்கிவிடுவார்கள். பிரசவ வார்டுதான் வாசலுக்குக் கிட்ட.

அந்த ஆள் எப்போது கையெழுத்துப் போட்டார் என்று சட்டத்தரணி கேட்டார்.

"அந்தச் செவ்வாய்க்கு முதல் நாள். திங்கக்கிழமை பின்னேரம்."

கண்ணால் கண்டாயா?

"ஓம். எனக்கு முன்னால போட்டவர். பேனையும் நான்தான் குடுத்தனான்."

சட்டத்தரணி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கொன்ஸ்ரன்ஸ் நீதிபதியைப் பார்த்தாள். கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த கையை அவள் எடுக்கவில்லை.

கட்டளை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. மனுதாரர்களில் ஒருவரான ஸ்ரீஸ்கந்தராசாவை அடுத்த தவணைக்குப் பொலிஸார் இந்த மன்றில் நிறுத்தவேண்டும். முடியாவிட்டால் அவர் எங்கே என்று பொறுப்பதிகாரி எழுத்தில் சொல்லவேண்டும். அதுவரை இடைக்காலத் தடை நீடிக்கும்.

வெளியே படிக்கட்டில் றோஸியும் மற்றவர்களும் கொன்ஸ்ரன்ஸைக் கட்டிப்பிடித்தார்கள். ஆஸ்பத்திரி தப்பியது என்றார்கள். மக்கீன் எல்லோருக்கும் தேத்தண்ணிக்குச் சொல்லப் போனார்.

கனகேஸ்வரி கிட்ட வரவில்லை. கூட்டம் விலகும்வரை தூணோடு நின்றாள். பிறகு வந்து கொன்ஸ்ரன்ஸின் கையைப் பிடித்தாள்.

"அன்ரி, பைபிளைத் தொட்டுப் பொய் சொல்லிப்போட்டியள். பிடிபட்டிருந்தா உங்கட ஆஸ்பத்திரியும் போயிருக்குமே."

தெருவில் ஒரு பொலிஸ் ஜீப் மெதுவாகப் போனது. அது வளைவில் திரும்பும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கொன்ஸ்ரன்ஸ் கனகேஸ்வரியின் அறைக் கதவைத் தட்டியது திங்கட்கிழமை அல்ல. வியாழக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்பே ஸ்ரீஸ்கந்தராசாவைக் கொண்டுபோய்விட்டார்கள். கனகேஸ்வரி தன் பெயரை எழுதிவிட்டுப் பேனையைத் திருப்பி நீட்டினாள்.

கொன்ஸ்ரன்ஸ் அதை வாங்கவில்லை.

"அவற்ற பேரையும் எழுது, பிள்ளை," என்றாள். "ஒரு நீதிபதியெண்டாலும் கூப்பிட்டுப் பார்க்கட்டும்."