ரெண்டாவது யூனிட்

சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. வெடிமருந்து பட்ட கையால் சூடத்தைத் தொடக் கூடாது என்பதால், சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டுத்தான் அணைத்தேன்.

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் இருபத்தொன்பது வருசம் போர்மேன்.

போர் என்றால் என்னவென்று ரிட்டயர் ஆன பிறகுதான் தெரிந்தது.

பொங்கலுக்கு வந்த என் மகன் விக்னேஷ்வரன், அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று என் போனில் ஒரு விளையாட்டை ஏற்றிவிட்டுப் போனான். முப்பதாயிரம் சிப்பாய்கள். விரலால் ஒரு கோடு இழுத்தால் முப்பதாயிரம் பேரும் அந்தப் பக்கம் ஓடுவார்கள்.

பட்டாசு ரூமுக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். அஞ்சாவது ஆளைப் பார்த்தாலே வெளியே விரட்டிவிடுவேன். இங்கே முப்பதாயிரம் பேர் தோளை உரசிக்கொண்டு நிற்கிறார்கள். லைசென்ஸ் கேட்க ஒரு அதிகாரி வரக் காணோம்.

ஆனாலும் பழக்கம் விடவில்லை. நாலு நாலு பேராகப் பிரித்து, நடுவில் இடைவெளி விட்டுத்தான் நிறுத்தினேன். எதிரி இதில் ஏதோ சூது இருக்கிறது என்று பயந்து திரும்பிப் போய்விட்டான். அப்படியே மூன்று ராஜ்ஜியம் பிடித்தேன்.

வீட்டில் மருமகள் அழகுமீனாவிடம் தண்ணீர் கேட்டால், மூன்றாவது சத்தத்துக்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். கம்பெனியில் நான் செருமினால் நூற்றறுபது தலை நிமிரும். அதெல்லாம் போன பிறகு, முதல் சத்தத்துக்கே ஓடுகிற முப்பதாயிரம் பேரை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

போன ஆனியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஆமத்தூருக்கு ரோடு பிரிகிற விலக்கில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் வெள்ளைத்தாய் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். என்னிடம் வேலை பார்த்தவள். முட்டிவலியில் வேலையை விட்டுவிட்டாள். இப்போது மகள் ஓவியா போகிறாள், அதே கம்பெனிக்கு, ரெண்டாவது யூனிட்டுக்கு.

விளையாட்டில் படையின் ஒவ்வொரு பிரிவுக்கும் யூனிட் என்று பெயர். குதிரைக்காரர்கள் ஒரு யூனிட், வில்லுக்காரர்கள் ஒரு யூனிட். ஆற்றங்கரையில் என் குதிரைகள் மொத்தமாக அழிந்தன. வாய் தவறிக் கத்திவிட்டேன்.

“போச்சே, ரெண்டாவது யூனிட் பூராம் போச்சே.”

எங்கள் பக்கம் யூனிட் என்றால் பட்டாசு ஆலை. அது போச்சு என்றால் எப்படிப் போகும் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

வெள்ளைத்தாய் எழுந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தபோது ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தாள். முட்டிவலிக்காரி. ஒரு செருப்பு பெஞ்சுக்கு அடியில் கிடந்தது.

கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். எழுபத்தோரு வயசில் போனில் குதிரை விளையாடினேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. போனை மடியில் கவிழ்த்துவிட்டேன்.

எங்கே எங்கே என்று சுற்றி நின்றவர்கள் கேட்டார்கள். நம்ம பக்கம் இல்லை என்று சமாளிக்க, சாத்தூர் இருக்கிற திசைக்கு விரலை நீட்டினேன்.

கூட்டத்தில் நின்ற ஆண்டிச்சாமியின் பெண்டாட்டிக்குச் சாத்தூர் ஆலையில் வேலை. வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஐயோ, அங்கே இல்லை என்று விரலை மேற்கே திருப்பினேன். கூடப்பிறந்தவர்களை மேற்கே ஆலை வேலையில் விட்டுவிட்டு வாக்கப்பட்டு வந்த இரண்டு பெண்கள் ஷேர் ஆட்டோவை மறித்து ஏறினார்கள். வடக்கே திருப்பினேன். டீ மாஸ்டர் அடுப்பைக்கூட அணைக்காமல் வடக்கே ஓடினார்.

வேலை நேரத்தில் ஆலை கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். கூப்பிட்டுக் கேட்க வழி கிடையாது. ஓடித்தான் பார்க்க வேண்டும்.

மூன்றே நிமிசத்தில் விலக்கு காலி. வெகு நேரம் எனக்கு விரலை மடக்கத் தோன்றவில்லை.

வெள்ளைத்தாய் யாரோ ஒருவருடைய டிவிஎஸ் வண்டியில் திரும்பி வந்தாள். மகளை வெளியே கூப்பிட்டு, கண்ணால் பார்த்து, கன்னத்தைத் தொட்டுவிட்டு வந்திருக்கிறாள். செருப்பில்லாத காலில் ரத்தம்.

அவளிடம் மட்டும் சொன்னேன். விளையாட்டு, குதிரை, ஆற்றங்கரை, யூனிட் என்கிற அந்த ஒரு வார்த்தை, எல்லாவற்றையும். இங்கே எழுதியிருக்கிறேனே, அதே வரிசையில்.

சேலைத் தலைப்பால் காலைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“வெளையாட்டுத்தானா அண்ணாச்சி. சரி. எம்புள்ள உசுரோட இருக்கு, அது போதும். நீங்க வெயில்ல உக்காந்து இருக்காதீக, வீட்டுக்குப் போங்க.”

காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பேன். அவள் குனிந்து பெஞ்சுக்கு அடியில் செருப்பைத் தேடினாள். எடுத்துக் கொடுக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

என் போன் அந்தச் செவ்வாய்க்கிழமை விருதுநகரில் ஒரு ரிப்பேர் கடையில், டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்து மூன்றாவது நாளாகக் கிடந்தது. அன்றைக்கு விளையாட்டும் இல்லை, குதிரையும் இல்லை; பெஞ்சில் என்னிடம் இருந்தது இந்த விரல் மட்டும்தான்.