கலவாப் பார்

தூண்டில் கயிற்றை இழுக்கும்போதே செல்வினுக்குத் தெரிந்துவிட்டது, கனம் இல்லை. வந்தது உள்ளங்கை அளவில் ஒரு கலவா மீன் குஞ்சு.

வள்ளத்தின் மறுமுனையிலிருந்து மச்சினன் ராஜமணி வந்தான். குஞ்சைக் கழற்றித் திரும்பக் கடலில் விட்டான். நாலு வார்த்தை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன கிறிஸ்துமஸ் வரை இந்தப் பாரில், இந்தக் கடலடிப் பாறைத்திட்டில், பத்துக் கிலோ கலவா சர்வசாதாரணம்.

இது ராஜமணி குடும்பத்தின் பார். மாதா கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னால் மலையுச்சி நிற்க வேண்டும். வடக்கே பாறைமுனை லைட்ஹவுஸைப் பாதி மறைக்க வேண்டும். அந்த இரண்டும் கூடுகிற இடம்தான் பார். இந்தக் குறிக்குக் கணிச்சம் என்று பெயர். கணிச்சத்தை வெளியே விட்டவன் ஒரு வருடம் கடலில் இறங்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. குளச்சல்காரன் செல்வினுக்குத் தங்கள் பெண் ஜெஸ்லினைக் கொடுத்தவர்கள், கணிச்சத்தைக் கொடுக்க மேலும் மூன்று வருடம் யோசித்தார்கள்.

தவளை தன் வாயால் கெடும். செல்வின் தன் போனால் கெட்டான்.

பன்னிரண்டு கிலோ கலவாவைத் தூக்கிப் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றி வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டான். பின்னால் கோபுரமும் மலையும், அந்தப் பக்கம் பாறைமுனையும் லைட்ஹவுஸும் அழகாக விழுந்திருந்தன. மடையன், மீனை மட்டும்தான் பார்த்தான். சாயங்காலம் உறைத்து அழித்தபோது இருநூறு பேர் பார்த்தாயிற்று.

அடுத்த வாரமே வெளியூர் விசைப்படகுகள் வந்து நின்றன. சினை மீன், குஞ்சு என்று பாராமல் இரண்டு மாதம் வாரின. பார் காலி.

பழி வன்னியராஜ் தலையில் விழுந்தது. இதே வள்ளத்தில் வேலை பார்த்து, சண்டை போட்டுக்கொண்டு போனவன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், கடலை விட்டால் வேறு தொழில் தெரியாதவன். இன்று சாயங்காலம் கோயில் கமிட்டி தீர்ப்புச் சொல்கிறது.

அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் செல்வின் வந்திருந்தான். இரண்டு முறை வாயைத் திறந்து, இரண்டு முறையும் தூண்டிலில் இரை கோக்கத் தொடங்கினான்.

“அளியா,” என்றான் ராஜமணி, கயிற்றைச் சுருட்டிக்கொண்டே. “வன்னியராஜ் இல்ல, குடிச்ச வெறியில நான்தான் கணிச்சத்தப் பறஞ்சுட்டேன்னு நேத்தே கமிட்டியில சொல்லியாச்சு. இனி ஒரு வருசம் நீதான் வள்ளம் எறக்கணும், கேட்டியா? அந்த வீடியோ சங்கதி மட்டும் ஜெஸ்லின் அறியண்டாம். எந் தங்கச்சி, தாங்கமாட்டா.”

‘வேண்டாம், நானே சொல்லிக்கிறேன்’ என்று செல்வின் சொல்லியிருக்க வேண்டும். மனுஷனாக இருந்தால் காலில் விழுந்திருக்க வேண்டும்.

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

“சரி,” என்றான்.

சொன்ன பிறகுதான் வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்குள் ராஜமணி வள்ளத்தைக் கரைக்குத் திருப்பியிருந்தான்.