வெள்ளாடு செய்த குற்றம்

போர் மூண்டதும் பாலைவனத்தில் முள்வேலி போட்டுச் சிறை கட்டினார்கள். அங்கே மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடு உள்ளே மாட்டிக்கொண்டது. அதன் குட்டி வெளியே நின்று கத்தியது.

“நான் என்ன தப்பு பண்ணினேன், நாயண்ணே?” என்று கேட்டது வெள்ளாடு.

“தப்பு பண்ணாதவளுக்கு வேலிக்குள்ளே என்னடி வேலை?” என்றது காவல் நாய்.

“நானா வந்தேன்? வேலிதான் என்னைச் சுத்தி வந்தது!”

முதல் கோடையிலேயே குட்டியின் குரல் நின்றுபோனது. நான்காம் கோடையில் போர் முடிந்து, வாசல் திறந்தது.

“இனிமேல் அந்தத் தப்பைப் பண்ணமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுப் போ,” என்றது நாய். “அந்தச் சத்தியத்தை வாங்காம நான் ஊர் திரும்புற லாரியில ஏற முடியாது.”

“எந்தத் தப்பை?”

“எனக்கெப்படித் தெரியும்? சீக்கிரம் சொல்லுடி, லாரி கிளம்புது!”

“தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லுங்க, அண்ணே. எனக்காகக் காத்திருக்க இப்போ யாருமில்லை.”

திறந்த வாசலில் கால் மடக்கிப் படுத்துக்கொண்டது வெள்ளாடு. லாரி நாய்க்காக நிற்கவில்லை.