உள்ளே இறங்குகிற வேலை

“கடைல நீங்க மட்டும்தானா சார்?” என்று கேட்ட அந்த ஆள், பதிலுக்குக் காத்திராமல் தெருவைத் திரும்பிப் பார்த்தான்.

ஜனார்தனனும் எட்டிப் பார்த்தார். ஆடி ஞாயிறு, மத்தியான வெயில். கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலையில் ஒரு லாரிகூட இல்லை. அவருடைய எலெக்ட்ரிகல் கடையில் கூடமாட இருக்கும் அரசப்பனும் குடும்பத்தோடு பெரியபாளையத்துக்குப் பொங்கல் வைக்கப் போய்விட்டான்.

“ஆள் இருக்கு. சாப்பிடப் போயிருக்கான், இப்ப வந்துடுவான்” என்று பொய் சொன்னார். “என்ன வேணும்?”

“லைட்டு சார். கைல எடுத்துக்கினு போற மாரி எல்.இ.டி. வயர் கியர் இருக்கக் கூடாது.”

வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். முகத்தில் பாதியைக் கைக்குட்டை மறைத்திருந்தது. புருவத்திலிருந்து காது வரைக்கும் இன்னும் சிவப்பு மாறாத ஒரு தையல் தழும்பு.

“எந்த மாதிரி வேலைக்கு?”

அவன் கொஞ்சம் தயங்கினான். “உள்ள எறங்கற வேலை சார்.”

போன வாரம்தான் பக்கத்துத் தெரு பெயின்ட் கடையில் திருடர்கள் கூரையைப் பிரித்து இறங்கியிருந்தார்கள். காவலுக்குப் படுத்திருந்தவரைக் குடோனுக்குள் தள்ளிப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

முதலில் கையில் கிடைத்த பெரிய விளக்கை எடுத்து வைத்தார். “இது ஸ்டாண்டோட வரும். நல்ல வெளிச்சம்.”

“இத்த தூக்கிக்கினு எப்டி சார் எறங்கறது? கை ரெண்டும் சும்மா இருக்கணும்.”

உள்ளங்கை அகலத்தில் இருந்த இன்னொன்றைக் காட்டினார். “இதுக்குப் பின்னாடி காந்தம் இருக்கு. இரும்புல ஒட்டிட்டு வேலையப் பார்க்கலாம்.”

அவன் அதை வாங்கிக் கையில் எடை பார்த்தான். திடீரென்று மேஜை விளிம்பில் ஓங்கித் தட்டினான். ஜனார்தனன் துள்ளிப் பின்னால் நகர்ந்தார்.

“கீய வுழுந்தா இன்னா ஆவும்?”

“ஒண்ணும் ஆகாது. கெட்டி பாடி.”

“டக்குனு அணைஞ்சிடாதே?”

“சார்ஜ் போட்டா சாயங்காலம் வரைக்கும் எரியும்.”

“அதில்ல சார். டக்குனு அணைஞ்சிடாதே?” மறுபடியும் அதையேதான் கேட்டான். விளக்கைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. எதையோ போட்டுக்கொண்டு வந்திருக்கிறான் என்று ஜனார்தனன் நினைத்தார்.

அவன் மீண்டும் தெருவைப் பார்த்தான். தெரிந்தவர்கள் யாரும் வந்துவிடக் கூடாது என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

“வெயில்ல ஒண்ணும் தெர்ல சார். குடோன் எங்க கீது?”

“குடோனா? அது... பின்னாடி. அங்க எதுக்கு?”

“இருட்டுல போட்டுப் பாக்கணும்.”

செல்போன் அவனுக்குப் பின்னால் சுவரில் சார்ஜில் கிடந்தது. ஓடலாமென்றால் வாசல் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. முடியாது என்று சொல்ல வாயெடுத்தவர், அந்தத் தழும்பைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நடந்தார்.

குடோனுக்கு ஜன்னல் கிடையாது. வயர் சுருள்களுக்கும் அட்டைப்பெட்டிகளுக்கும் நடுவே இரண்டு பேர் நிற்கத்தான் இடம். ஜனார்தனன் பல்பைப் போட்டுவிட்டு வெளியே நகரப் பார்த்தார்.

“நீங்களும் உள்ள இருங்க சார்.”

“நான் எதுக்குப்பா? நீயே பாரு...”

“இருங்க சார்.” அது கெஞ்சலா மிரட்டலா என்று அவருக்கு விளங்கவில்லை. “கதவ சாத்துங்க. அந்த பல்பையும் அணைச்சிடுங்க.”

அணைத்தார். அவன் கையிலிருந்த விளக்கு பளீரென்று எரிந்தது. சுவரில் அவன் நிழல் கூரை வரை எழுந்து மடங்கியது. அவன் வெளிச்சத்தை ஒவ்வொரு மூலையாகக் காட்டி நிதானமாகப் பார்த்தான். மூச்சு மட்டும் புஸ்புஸ் என்று வந்தது.

சொல்லாமல் கொள்ளாமல் விளக்கு அணைந்தது. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டிய விளக்கு அது. சார்ஜ் போட மறந்திருந்தார்.

கும்மிருட்டு. அடுத்த நொடி இரும்புப் பிடி ஒன்று ஜனார்தனனின் கையைக் கவ்வியது. எலும்பு நொறுங்கிவிடும்போல் இருந்தது. சூடான மூச்சு கழுத்தில் பட்டது.

“கல்லாவுல இருக்கறத எடுத்துக்கப்பா!” என்று அலறினார். “என்ன ஒண்ணும் செஞ்சுடாத. பொண்ணு கல்யாணம் வெச்சிருக்கேன்!”

பிடி இன்னும் இறுகியது. அவரைக் கீழே இழுத்தது. விழுந்துகொண்டே மறுகையால் சுவரைத் தடவினார். பெருமாளே, பெருமாளே என்று உதடு அடித்துக்கொண்டது. விரலில் சுவிட்சு தட்டுப்பட்டது. அழுத்தினார்.

பல்பு எரிந்தது.

அந்த மலை போன்ற ஆள் தரையில் சுருண்டு உட்கார்ந்திருந்தான். ஜனார்தனனின் கையை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான். கைக்குட்டை நழுவிய முகம் முழுக்க வியர்வையும் கண்ணீருமாக இருந்தது. கண்கள் மட்டும் இறுக மூடியிருந்தன.

“போன மாசம் கம்பெனி டேங்க்குக்குள்ள எறங்கி வெல்டிங் வெச்சிக்கினு இருந்தோம் சார்” என்றான், பற்கள் கிட்டித்துக்கொள்ள. “நானும் என் தோஸ்து ராபினும். லைட்டு டக்குனு போயிட்ச்சி. ஏணி எங்க கீதுன்னு தெரியாம சாரத்துலேர்ந்து ரெண்டு பேரும் வுழுந்துட்டோம். நான் மட்டும்தான் சார் மேல வந்தேன். நாளைக்கு மறுபடி எறங்கணும்...”

ஜனார்தனன் தன் கையை உருவிக்கொள்ளாமல் மெல்ல அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

அவன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

“லைட்டு வந்துட்ச்சா சார்?”