சந்தேக டாக்டர்

"இந்த மனுஷனை இன்னிக்கு ஒரு வழி பண்ணிடணும்." லேப்டாப்பைத் திறக்கும்போதே சொல்லிட்டேன்.

"யாரை, சந்தேகத்தையா?" வீட்டுக்காரர் சிரிச்சார். அவருக்கென்ன, பக்கத்து ரூம்ல காலை நீட்டிக்கிட்டு இருக்கார். மாட்டிக்கிட்டவ நான்தானே.

நான் ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர். எங்க நாட்டுக்கும் பக்கத்து நாட்டுக்கும் நடுவுல ஒரு ஆறு ஓடுது. அந்தத் தண்ணிக்காக வருஷக்கணக்கா அடிச்சுக்கிட்டவங்க நாங்க. இப்பத்தான் ஒரு வெளிநாட்டு அமைப்பு புண்ணியத்துல வாராவாரம் ஆன்லைன்ல உக்காந்து பேசுறோம். ரெண்டு கரைப் பிள்ளைங்களும் ஆத்துத் தண்ணியைச் சோதிச்சுச் சொல்லுவாங்க. டாக்டருங்க யார் யாருக்கு வயித்துப்போக்குன்னு சொல்லுவாங்க. அழுக்கு எங்க கலக்குதுன்னு சேர்ந்து கண்டுபிடிக்கணும். நல்ல காரியம்தான், யார் இல்லேன்னா?

ஆனா அந்தக் கரை ஆஸ்பத்திரியில ஒரு டாக்டர் இருக்காரே, மனுஷன் உயிரை வாங்கிடுவார்.

மீட்டிங் முடியப் போகுதுன்னா போதும், "ஒரு சின்ன சந்தேகம்"னு கையைத் தூக்கிடுவார். தண்ணி கலங்கலா இருக்குன்னா எவ்வளவு கலங்கல், பாட்டிலைக் கழுவினது யாரு, காய வெச்சது வெயில்லயா நிழல்லயா. பதில் சொன்னா அதுல இன்னொரு சந்தேகம். படிச்சு முடிச்ச ரிப்போர்ட்டை மறுபடி முதல்ல இருந்து படிக்கச் சொல்லுவார். என் கிளாஸ்ல கடைசி பெஞ்சுகூட இந்தக் கேள்வியெல்லாம் கேக்காது.

அதுவும் எல்லா வாரமும் கிடையாது. சில வாரம் வாயே திறக்காம முதல் ஆளா கிளம்பிடுவார். திமிர்தான், வேற என்னன்னு எங்க குரூப்ல எல்லாருக்கும் ஒரே அபிப்பிராயம்.

ஆனா மூஞ்சிக்கு நேரா சொல்ல ஆள் இல்ல. "டீச்சர், உங்களுக்குத்தான் வாய் இருக்கு"ன்னு என் தலையில கட்டிட்டாங்க. மீட்டிங்கை நடத்துற இஞ்சினியரம்மாவும் சரின்னுட்டாங்க. எங்க கரை நீர்வாரியத்துல இருந்தவங்க, ரொம்பக் கண்டிப்பு. கொட்டாவி விடணும்னாகூட மைக்கை அணைச்சிட்டுத்தான் விடணும்.

அன்னிக்கு எல்லாம் பேசி முடிச்சாச்சு. செருப்புக் கடைக்குப் போகணும்னு என் பொண்ணு வாசல்ல ரெடியா நிக்கிறா. இஞ்சினியரம்மா நன்றி சொல்ல வாயெடுத்தாங்க. ஸ்கிரீன்ல ஒரு கை உயர்ந்துச்சு. யார் கைன்னு சொல்லவே வேண்டாம்.

"ஒரு சின்ன சந்தேகம்..."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்துச்சோ.

"டாக்டர், இனிமே மீட்டிங் அரை மணி நேரம்தான். சந்தேகம் இருந்தா மெயில்ல அனுப்புங்க. அது சரிப்படாதுன்னா உங்களுக்குப் பதிலா வேற டாக்டரை உக்கார வைங்க. இது எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு."

அவர் முகம் சுண்டிப் போச்சு. அரை மணி நேரம் பத்தாதுங்கன்னார். அப்புறம் கெஞ்சுற மாதிரி, "மெயில் வேண்டாம் டீச்சர். என்னை என்ன வேணாலும் திட்டுங்க. ஆனா இங்கயே, மீட்டிங்லயே திட்டுங்க. நிதானமா திட்டுங்க"ன்னார்.

கிண்டல் வேறயான்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இஞ்சினியரம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கணும். டாக்டரை மாத்தணும்கிறவங்க கை தூக்குங்கன்னுட்டாங்க. முதல் கை என்னுது. ஒவ்வொண்ணா ஏறிக்கிட்டே வந்துச்சு.

அப்ப டாக்டருக்குப் பின்னாடி கதவு திறந்துச்சு. ஒரு நர்ஸ் அவசரமா உள்ளே வந்தாங்க. கேமரா ஓடுறதையே கவனிக்கல. ரெண்டு கரைக்கும் பாஷை ஒண்ணுதான். அதை வெச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருஷமும் குறையில்லாம திட்டிக்கிட்டோம். அதனால அந்தம்மா சொன்னது ஒரு வார்த்தை விடாம எங்களுக்குப் புரிஞ்சுது.

"டாக்டர், மீட்டிங் முடிஞ்சுதான்னு ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து நிக்கிறான். ஜெனரேட்டரை அணைக்கணுமாம். கரண்ட் இன்னும் வரல. அந்தப் பச்சைக் குழந்தைக்கு இப்ப மூச்சு மெஷினை எடுத்தா தாங்காது. மீட்டிங்கை இன்னும் கொஞ்சம் இழுங்க டாக்டர்."

டாக்டர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுதுன்னு நினைச்சாரோ என்னமோ, குரலைத் தாழ்த்திச் சொல்லிட்டார். ஆஸ்பத்திரிக்கு டீசல் கிடையாதாம். வெளிநாட்டுக்காரங்க பாக்குற மீட்டிங் பாதியில அறுந்தா நாட்டுக்கு மானக்கேடுன்னு, அதுக்கு மட்டும் மேலிடம் டீசல் கொடுக்குதாம். மீட்டிங் ரூமும் குழந்தைங்க வார்டும் ஒரே லைனாம். கரண்ட் இருக்கிற வாரம் அவருக்கு ஒரு சந்தேகமும் வராதாம்.

தூக்கின கையெல்லாம் இறங்கிடுச்சு. இப்படியே எல்லாரும் வாயடைச்சு உக்காந்திருந்தா மீட்டிங் முடிஞ்சதுன்னு ஜெனரேட்டரை அணைச்சிடுவாங்களே. "போலாமாம்மா?"ன்னா பொண்ணு. உக்காருன்னு கை காட்டினேன்.

இஞ்சினியரம்மா தொண்டையைச் செருமிக்கிட்டாங்க. அந்தக் கண்டிப்பான குரல் கொஞ்சம்கூட மாறல.

"சிஸ்டர், மீட்டிங் இன்னும் ஆரம்பிக்கவே இல்லன்னு அந்த ஆள்கிட்ட சொல்லுங்க. இத்தனை மாசமா பேசுறோம், ஒருத்தரைப் பத்தி ஒருத்தருக்கு ஒண்ணும் தெரியல. எல்லாரும் அவங்கவங்களை அறிமுகப்படுத்திக்குங்க. பொறந்ததுல இருந்து சொல்லலாம். டீச்சர், நீங்க ஆரம்பிங்க."