தண்ணீர் வேண்டாத தொட்டி

"மீன் தொட்டிதான் வேணும். ஆனா தண்ணி ஊத்தப் போறதில்லை," என்றாள் அந்தப் பெண்.

டெல்பர்ட்டுக்குச் சுருக்கென்றது. கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் செல்லப் பிராணிக் கடை வைத்தே தலை நரைத்தவர் அவர். தண்ணீர் இல்லாத தொட்டி கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் பாம்பு வளர்ப்பவர்கள். மீதிப் பேர் எதையோ மறைப்பவர்கள்.

"பாம்பாம்மா?"

"சேச்சே! எலி மாதிரி ஒண்ணு. ரெண்டு இருக்கு. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

பெயரைக் கேட்டதற்கும் "மரிசேலா" என்று ஒரு வார்த்தைதான். முப்பது வயதிருக்கும். இந்த வெயிலிலும் மேல்கோட்டைக் கழுத்துவரை பூட்டியிருந்தாள். அதுவேறு டெல்பர்ட்டுக்கு உறுத்தியது.

"ஹாம்ஸ்டரா?"

"அப்படின்னே வெச்சுக்கோங்களேன்."

"அதுக்கு எதுக்குத் தொட்டி? இதோ, மாடி வெச்ச பிளாஸ்டிக் வீடே இருக்கு."

"பிளாஸ்டிக்கே வேண்டாம் சார். ஒரே ராத்திரியில கடிச்சு ஓட்டை போட்டுடுச்சுங்க. கம்பிக் கூண்டும் சரிப்படலை. மரத்தூளையெல்லாம் வெளியே வாரி இறைக்குதுங்க. தூங்கும்போதுதான் நிம்மதி. ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு தூங்குதுங்க."

டெல்பர்ட் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"ஹாம்ஸ்டர் ரெண்டை ஒண்ணா விட்டா மறுநாள் ஒண்ணுதான் மிஞ்சும். உன்னுது ஒண்ணு மேல ஒண்ணு தூங்குதாக்கும்! சரி, வால் எப்படி இருக்கு? நீளமா, நுனியில குஞ்சம் கட்டின மாதிரி இருக்குமே?"

மரிசேலாவின் முகம் வெளுத்துவிட்டது. "விலையை மட்டும் சொல்லுங்க சார், போதும்."

ஜெர்பில் என்கிற பாலைவன எலி! தப்பித்துப் போனால் வயலில் பெருகிப் பயிரை நாசம் பண்ணிவிடும் என்று கலிபோர்னியா அதை வளர்க்கவே தடை போட்டிருக்கிறது. பக்கத்து நெவாடாவில் குழந்தைகள் மடியில் வைத்துக் கொஞ்சுகிற பிராணி, எல்லை தாண்டி இங்கே வந்தால் கள்ளச்சரக்கு. பிடிபட்டால் பிராணி போகும், அபராதம் விழும். கடைக்காரனாக இருந்தால் கடைக்கே பூட்டு.

டெல்பர்ட்டின் கை மேசை மேலிருந்த தொலைபேசியை நோக்கி நகர்ந்தது. மரிசேலா ஓரடி பின்னால் போனாள். கை தொலைபேசியைத் தாண்டிப் போய்ச் சாவிக்கொத்தை எடுத்தது.

"பயந்துட்டியா? நல்லாப் பயந்தே போ!" கிழவர் குலுங்கிச் சிரித்தார். "ஜெர்பில்னு சொல்லாம அதுக்கு வீட்டை மட்டும் கேட்டா எப்படி? இப்பக் கேட்டுக்கோ. அதுக்கு வீடுன்னா கண்ணாடிதான். முழங்கை முங்கற அளவுக்கு மரத்தூள் போடு, அதுபாட்டுக்குச் சுரங்கம் தோண்டட்டும். மேலே வலைமூடி வேணும். இறுக்கமா இருக்கணும், நல்லாத் தாவும்."

"சின்னத் தொட்டி போதுமா சார்? இல்லை, நடுவுல தடுப்பு வெச்ச அந்தப் பெரிசா?"

"ஒரு ஜோடிக்குச் சின்னதே தாராளம். பெரிசு ரெண்டு ஜோடிக்கு. முன்பின் தெரியாத ஜோடியைத் தடுப்பில்லாம விட்டியோ, கடிச்சே கொன்னுடும். ஆமா, உன்னுதுங்களுக்குப் பேர் என்ன?"

"பேரா? நாங்க பேரெல்லாம் வைக்கிறதில்லை சார்."

"அடப்பாவமே! பேரில்லாம எப்படிம்மா கூப்பிடுவே? வா, என்னுதைக் காட்டறேன்." அவர் பின்னறைக் கதவுப் பூட்டில் சாவியை நுழைத்தார்.

"சார், வேண்டாம்." அவள் குரல் சட்டென்று மாறியது. "தயவுசெஞ்சு எனக்கு எதையும் காட்டாதீங்க. தொட்டியைக் குடுங்க, நான் போயிடறேன்."

"கடையில யாரும் இல்லைம்மா, எதுக்கு இப்படி நடுங்கறே? நீயும் நம்ம கட்சிதானே!"

கதவு திறந்தது. சுவரோரம் ஒரு நீளக் கண்ணாடித் தொட்டி. மரத்தூளுக்குள் வளைவளைவாகச் சுரங்கங்கள். ஒன்றிலிருந்து இரண்டு பழுப்புத் தலைகள் எட்டிப் பார்த்தன. டெல்பர்ட் உள்ளே கையை வைத்ததும் இரண்டும் ஓடிவந்து அதில் ஏறிக்கொண்டன.

"இவன் வால்டர். அந்தத் தடியன் ஹெக்டர். என் பொண்டாட்டி ஐரீன் போனதிலேருந்து வீட்டுல பேச்சுத்துணைக்கு ஆளில்லை. இங்கேயே சாப்பாட்டைக் கொண்டாந்து இவனுங்களோட பேசிக்கிட்டே சாப்பிடறேன். இவனுங்க இல்லேன்னா நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன்."

ஹெக்டர் எழுந்து நின்று மூக்கைச் சுளித்து மரிசேலாவை மோப்பம் பிடித்தது. அவள் கண்கள் கலங்கிவிட்டன.

"நான்தான் வேண்டாம்னு சொன்னேனே சார்..."

"அட, அழறியா? போகட்டும் விடு. உனக்கு விலையில பாதி தள்ளுபடி. சின்னத் தொட்டியையே கட்டிடவா?"

அவள் மெதுவாக மேல்கோட்டின் பொத்தான்களைக் கழற்றினாள். உள்ளே காக்கிச் சட்டை. மார்பில் வனவிலங்குத் துறையின் அரசு வில்லை.

"பெரிய தொட்டியே குடுங்க சார். பறிமுதல் பண்ணினது இப்ப நாலாயிடுச்சு."